உணவில் விடை தேடியவர்

பம்பாய் நகரின் பருத்தி ஆலைகளைச் சுற்றியிருந்த நெருக்கமான குடியிருப்புகளில் 1920களில் ஒரு நோய் பரவலாகக் காணப்பட்டது. அது கருவுற்ற பெண்களையே பெரிதும் பற்றியது. முகம் வெளிறும், நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும், நாள் ஏற ஏற எழுந்து நடமாடவும் வலுவிருக்காது. மகப்பேற்றின்போது தாயும் சேயும் சேர்ந்தே மறைவதும் உண்டு. குருதியைச் சோதித்தால் சிவப்பணுக்கள் மிகக் குறைவாக இருக்கும். இருக்கும் சில அணுக்களும் வழக்கத்தைவிடப் பருத்துக் காணப்படும். இந்தச் சோகைக்குக் காரணம் கிருமியா, நஞ்சா, குடிநீரா என்று மருத்துவர்கள் தடுமாறினர். அதை ஆராயும்பொருட்டு 1928ஆம் ஆண்டு இங்கிலாந்திலிருந்து வந்தவர் லூசி வில்ஸ். அப்போது அவருக்கு வயது 40.

பர்மிங்காம் அருகிலுள்ள சட்டன் கோல்ட்ஃபீல்டில் 1888 மே 10 அன்று, அறிவியலில் நாட்டமுள்ள குடும்பத்தில் வில்ஸ் பிறந்தார். கேம்பிரிட்ஜின் நியூனம் கல்லூரியில் தாவரவியலும் நிலவியலும் பயின்று 1911இல் தேர்ச்சி பெற்றார். தேர்வு எழுதலாம், தேறலாம். ஆனால் பெண் என்பதால் பட்டம் கிடையாது! அப்பல்கலைக்கழகம் பெண்களுக்கு முழுமையான பட்டம் வழங்கத் தொடங்கியதே 1948இல்தான். 1911இலேயே தந்தையையும், இரண்டாண்டு கழித்துத் தமக்கையையும் இழந்த அவர், தாயுடன் இலங்கைக்கும் பின்னர்த் தம்பியுடன் தென்னாப்பிரிக்காவுக்கும் பயணம் செய்தார். முதல் உலகப்போர் மூண்டபோது கேப் டவுனில் சில வாரங்கள் செவிலிப்பணி ஆற்றினார். ஊர் திரும்பியதும் 1915இல் இலண்டன் பெண்கள் மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். 1920இல் மருத்துவரானபோது அவருக்கு வயது 32. அதன்பின் இலண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் கருவுற்ற பெண்களின் உடலியக்கத்தை ஆராய்ந்துவந்தார். அந்த அனுபவமே அவரைப் பம்பாய்க்கு அழைத்துவந்தது. இந்தியாவில் பேறுகால மரணங்களை ஆராய்ந்துகொண்டிருந்த மருத்துவர் மார்கரெட் பால்ஃபோர் அவரைத் தம்முடன் பணியாற்ற அழைத்திருந்தார்.

பம்பாயின் ஹாஃப்கின் நிறுவனத்தில் வில்ஸ் ஆய்வைத் தொடங்கினார். முதலில் கிருமித் தொற்று ஏதேனும் உண்டா என ஆராய்ந்து, அது காரணமன்று என விலக்கினார். பின்னர் வெவ்வேறு பிரிவுப் பெண்கள் அன்றாடம் என்ன உண்கின்றனர் எனக் கணக்கெடுத்தார். நோய்க்கூடத்தில் கண்ணாடித் தகட்டை நோக்கியிருக்க வேண்டிய மருத்துவர், அடுப்படியில் என்ன வேகிறது என்று கேட்டறிந்தது அக்காலத்தில் பலருக்கு வியப்பளித்திருக்கலாம். அந்தக் கணக்கெடுப்பு ஓர் உண்மையைத் தெளிவாக்கியது. உணவு எங்கே மிகவும் குறைபட்டிருந்ததோ அங்கேதான் சோகையும் மிகுந்திருந்தது. ஏழைப் பெண்களின் உணவில் புரதமும் உயிர்ச்சத்துகளும் போதவில்லை; பச்சைக் காய்கறியும் பழமும் அரிதாகவே சேர்ந்தன.

1929 ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வில்ஸ் நீலகிரியின் குன்னூரிலுள்ள பாஸ்டர் நிறுவனத்தில் பணியாற்றினார். உணவூட்ட ஆய்வில் புகழ்பெற்ற ராபர்ட் மெக்கரிசன் அங்கு இருந்தார். பம்பாயின் ஏழைப் பெண்கள் உண்ட அதே உணவு எலிகளுக்கு அளிக்கப்பட்டபோது, அவற்றுக்கும் சோகை வந்தது. சினையுற்ற எலிகள் குட்டி ஈனுமுன்பே மடிந்தன. ஈஸ்ட் சேர்த்த உணவை உண்ட எலிகளோ பிழைத்தன. விடை கைக்கெட்டியதுபோல் தோன்றியது. ஆயினும் எலிகளின் உடலிலிருந்த பேன்கள் பரப்பிய ஒரு தொற்றும் அவற்றின் சோகைக்குக் காரணமாகலாம் எனப் பின்னர்த் தெரியவந்தது. அந்த முடிவை முழுதாக நம்ப இயலாத நிலையில் வில்ஸ் குரங்குகளை ஆராயலானார்.

சோகையால் நலிந்த குரங்கு ஒன்றுக்கு மார்மைட் கொடுக்கப்பட்டது. பீர் தயாரிப்பில் எஞ்சும் ஈஸ்டிலிருந்து எடுக்கப்படும் கரிய பசை அது, ஆங்கிலேயர் ரொட்டியில் தடவி உண்பது, விலை மலிவானது. குரங்கு வியக்கத்தக்க வகையில் தேறியது. பின்னர் நோயுற்ற பெண்களுக்கும் அது கொடுக்கப்பட்டது. சில நாட்களிலேயே குருதியில் புதிய சிவப்பணுக்கள் பெருகின, பசி எடுத்தது, படுக்கையில் கிடந்தவர்கள் எழுந்தமர்ந்தனர். 1931இன் தொடக்கத்தில் சென்னையின் கோஷா மருத்துவமனையிலும் வில்ஸ் பணியாற்றினார். திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை எனப்படுவது அதுவே. அவ்வாண்டே தம் முடிவுகளைப் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியிட்டார்.

அக்காலத்தில் வேறொரு வகைச் சோகைக்குக் கல்லீரல் சாறு மருந்தாகப் பயன்பட்டுவந்தது. அதனை நன்கு தூய்மைப்படுத்திக் கொடுத்தபோது பம்பாய்ப் பெண்களின் நோய் தணியவில்லை. ஆகவே மார்மைட்டில் உள்ள பொருள் வேறு என்பது உறுதியாயிற்று. பெயரறியா அப்பொருளை அறிவியலுலகம் வில்ஸ் காரணி என்றே அழைத்தது.

மீண்டும் இலண்டன் சென்ற வில்ஸ், இரண்டாம் உலகப்போரின்போதும் ராயல் ஃப்ரீ மருத்துவமனையிலேயே பணியாற்றினார். 1944 சூலையில் பறக்கும் குண்டு ஒன்று அம்மருத்துவமனைமீது நேராக விழுந்தது. அவரது துறையின் பணி சில நாட்களே தடைப்பட்டது. 1947இல் ஓய்வுபெற்ற பின்பும் ஜமைக்கா, பிஜித் தீவுகள் எனப் பயணம் செய்து உணவையும் சோகையையும் ஆராய்ந்தார். இறுதி ஆண்டுகளில் இலண்டன் செல்சீ பகுதியின் மன்ற உறுப்பினராகவும் விளங்கினார். திருமணம் செய்துகொள்ளாத அவர் 1964 ஏப்ரல் 16 அன்று மறைந்தார்.

அவர் தேடிய பொருளை 1941இல் அமெரிக்க ஆய்வாளர்கள் பசலைக்கீரையிலிருந்து பிரித்தெடுத்தனர். இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லைக் கொண்டு அதற்கு ஃபோலிக் அமிலம் எனப் பெயரிட்டனர். அதனைச் செயற்கையாக உருவாக்கிய ஆய்வுக்குழுவை வழிநடத்தியவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகத சுப்பாராவ். உயிரணு இரண்டாகப் பிரிய இப்பொருள் இன்றியமையாதது. அது குறைந்தால் அணு வளரும், பிரியாது. சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் குறைந்து அளவில் பருத்ததன் காரணம் இதுவே. கருவில் உயிரணுக்கள் இடைவிடாது பெருகுவதால் அக்காலத்தில் இதன் தேவையும் கூடுகிறது.

வில்ஸ் மறைந்து 27 ஆண்டுகளுக்குப் பின் இன்னொரு செய்தி வெளியாயிற்று. கருவின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழல் கருத்தரித்த நான்கு வாரங்களுக்குள் மூடிவிடும். தான் கருவுற்றிருப்பதையே பல பெண்கள் அப்போது அறிந்திருக்கமாட்டார்கள். அக்குழல் சரிவர மூடாத குழந்தை முதுகெலும்புப் பிளவுடன் பிறக்க நேரும். சில குழந்தைகள் வாழ்நாள் முழுதும் நடக்க இயலாது. அத்தகைய குழந்தையை முன்பு பெற்ற தாய்மாரிடம் பல நாடுகளில் நடத்தப்பட்ட ஆய்வு 1991இல் வெளிவந்தது. கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் உட்கொண்டால் அக்குறை மீண்டும் நேர்வது 72 விழுக்காடு தடுக்கப்படுவதை அது காட்டியது.

இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் மீண்டும் எலிகளிடம் ஆய்வு நடந்தது. சினைக்காலத்தில் புரதம் குறைந்த உணவை உண்ட தாயெலிகள் குட்டிகளை ஈன்றன. குட்டிகள் பார்வைக்கு நலமாகவே இருந்தன. ஆனால் வளர்ந்தபின் அவற்றுக்கு இரத்த அழுத்தம் உயர்ந்தது. அவற்றின் கல்லீரலில் சில மரபணுக்கள் இயங்கும் முறை பிறப்பதற்கு முன்பே மாறிப்போயிருந்ததை 2005இல் கண்டறிந்தனர். பிறந்தபின் அவை உண்ட நல்லுணவும் அம்மாற்றத்தை நீக்கவில்லை. அதே குறைபுரத உணவில் ஃபோலிக் அமிலம் சேர்த்துத் தாயெலிக்கு அளித்தபோது, குட்டிகளிடம் அம்மாற்றம் தோன்றவில்லை.