படச்சுருளில் வரலாறு காத்த ஏ.கே. செட்டியார்

செஞ்சியின் இராசகிரியும் கல்யாண மகாலும் சாதத்துல்லாகான் பள்ளிவாசலும் காலத்தை வென்று நமக்கு வரலாறு கூறுகின்றன. ஆயினும் ஒரு மனிதரின் நடையையும் முகக்குறிப்பையும் கல் காட்டாது. அவற்றைக் காக்க வல்லது படச்சுருளே. இவ்வுண்மையை முன்னரே உணர்ந்து உழைத்த தமிழர் ஏ.கே. செட்டியார் ஆவார்.

அன்னார் செட்டிநாட்டுக் கோட்டையூரில் 1911-ஆம் ஆண்டு பிறந்தார். இளமையில் இரங்கூனில் 'தனவணிகன்' இதழின் ஆசிரியராக விளங்கினார். பின்னர் டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் ஒளிப்படக் கலை பயின்றார். 1937 அக்டோபர் 2 அன்று, நியூயார்க்கிலிருந்து அயர்லாந்து நோக்கிச் சென்ற கப்பலில், காந்தியடிகளின் வாழ்வை ஆவணப்படமாக்கும் எண்ணம் அவர் உள்ளத்தில் அரும்பியது. அப்போது அவர் முப்பது வயதையும் எட்டாத இளைஞர்.

புதிதாகப் படமெடுப்பது மட்டும் அவர் பணியன்று. முப்பது ஆண்டுகளில் ஏறத்தாழ நூறு ஒளிப்பதிவாளர்கள் எடுத்து, உலகெங்கும் சிதறிக் கிடந்த காட்சிகளைத் தேடித் திரட்டுவதே பெரும்பணியாயிற்று. நான்கு கண்டங்களில் ஒரு இலட்சம் மைல் பயணம் செய்து 50,000 அடிச் சுருளைச் சேர்த்தார். அதனை 12,000 அடியாகத் தொகுத்தார். இரண்டாம் உலகப்போர் மூண்டிருந்த 1940-இல் தமிழ் விளக்கவுரையுடன் படம் திரையரங்குகளுக்கு வந்தது. தெலுங்கிலும், 1947-இல் இந்தியிலும், 1953-இல் அமெரிக்காவில் ஆங்கிலத்திலும் அது வெளிவந்தது. சென்னைக்குத் தொலைக்காட்சி 1975-இல்தான் வந்தது. அதற்கு 35 ஆண்டுகள் முன்பே ஆவணப்படத்தை மக்கள் மன்றத்தில் வைத்த பெருமை அவருக்கு உரியது.

1943 முதல் 'குமரி மலர்' இதழை நடத்தி, பழைய இதழ்களில் புதைந்திருந்த அரிய எழுத்துகளையும் மீட்டளித்தார். தம்மை முன்னிறுத்த விரும்பாத அப்பெருமகனார் 1983-இல் மறைந்தார்.

இத்தனை பாடுபட்டுச் சேர்த்த படமோ பின்னாளில் மக்கள் கண்ணிலிருந்து மறைந்தது. நெடுங்காலத்திற்குப் பின்னர், அதன் ஆங்கில வடிவம் ஒன்றை அமெரிக்காவில் ஆய்வாளர் ஆ.இரா. வேங்கடாசலபதி கண்டறிந்தார். ஆக்குவதற்கு ஒருவர் போதும். காப்பதற்கு ஒரு சமுதாயமே வேண்டும் என்பதை இது நமக்கு உணர்த்துகிறது.

எனவே, மாணவச் செல்வங்களே, நல்ல ஆவணப்படங்களை நம் கல்லூரி அரங்கிலும் ஊர்மன்றத்திலும் திரையிடுவோம். இல்லங்களில் உறங்கும் பழைய படங்களையும் சுருள்களையும் பேணிக் காப்போம். அதுவே அன்னாருக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடனாகும்.