ஓவியராக நினைத்தவர்... டயருக்குப் பூட்டுப் போட்டவர்! யார் இந்த எட்வார்ட் மிச்செலின்?

ரேஸ் கார் சக்கரத்தின் ஓரத்தில் வட்டமா போல்ட்டுகள் வரிசைகட்டி இருப்பதைப் பார்த்திருப்பீங்க. அது அழகுக்காக இல்லை. டயரின் உள்விளிம்பை ரிம்மோடு நெரித்துப் பிடிக்கும் பூட்டு அது. பெயர் பீட்லாக்.

டயரைப் பசை போட்டு ஒட்டிக்கொண்டிருந்த காலத்திலேயே, அதைத் திருகு போட்டு இறுக்கலாம் என்று காட்டியவர் பிரான்ஸைச் சேர்ந்த எட்வார்ட் மிச்செலின்.

தூரிகையிலிருந்து ரப்பருக்கு

1859-ல் பாரிஸில் பிறந்த எட்வார்ட் சட்டம் படித்தார். ஆனா மனசு முழுக்க ஓவியம்தான். கிளெர்மான்ட்-ஃபெரான் ஊரில் தாத்தா வழி வந்த ரப்பர் தொழிற்சாலை நொடித்துப்போக, குடும்பம் அவரை அழைத்தது. 1889-ல் பொறுப்பேற்றார். அண்ணன் ஆந்த்ரே பக்கபலமாக நின்றார்.

திருப்பம் தந்த பஞ்சர்

அந்தச் சமயத்தில் ஒரு சைக்கிள்காரர் பஞ்சரான டன்லப் டயரோடு வந்தார். டயர் ரிம்மில் ஒட்டியிருந்ததால் பிரித்து ஒட்டவே சுமார் 3 மணி நேரம் ஆனது. பசை காய ஒரு ராத்திரி. மறுநாள் எட்வார்ட் அதே சைக்கிளை ஓட்டிப் பார்த்தார். சில நூறு மீட்டரிலேயே மறுபடியும் காற்று இறங்கிப்போச்சு!

காற்று டயரின் சொகுசு அவருக்குப் பிடித்திருந்தது. ஆனா, வழியில் நின்றுபோனவரே தன் கையால் கழற்றி மாட்ட முடியாத டயரால் என்ன பயன்? அதான் அவர் பிடித்துக்கொண்ட கேள்வி.

1891-ல் விடை கிடைத்தது. பசைக்குப் பதிலாக டயரின் ஓரத்தை ரிம்மில் அழுத்தும் பிடிப்பான்கள். அவற்றை இறுக்கத் திருகுகள். பஞ்சர் வேலை கால் மணி நேரமாகச் சுருங்கியது. அதே ஆண்டு, சுமார் 1,200 கி.மீ. பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் சைக்கிள் பந்தயத்தில் மிச்செலின் டயரோடு சார்லஸ் தெரோன் முதலிடம் பிடித்தார்.

தோற்றும் ஜெயித்த ரேஸ்

அடுத்து கார். கனமான காரைக் காற்று தாங்குமா என்று பலரும் நம்பவில்லை. 1895 ஜூனில் பாரிஸ்-போர்டோ-பாரிஸ் பந்தயத்தில் சகோதரர்கள் இருவருமே 'எக்லேர்' என்ற காரில் இறங்கினார்கள். வழிநெடுக பஞ்சர். கையிலிருந்த 22 டியூப்களும் தீர்ந்தன. சுமார் 48 மணி நேரத்தில் முதலில் வந்தது எமில் லெவாசோர். எக்லேர் ரொம்பப் பின்தங்கியது. ஆனாலும் காற்று டயரில் கார் ஓடும் என்பது நிரூபணமாச்சு. 1899-ல் முதன்முறையாக மணிக்கு 100 கி.மீ. வேகத்தைத் தாண்டிய கார் ஓடியதும் மிச்செலின் டயரில்தான்.

பீட்லாக்குக்கும் இவருக்கும் என்ன தொடர்பு?

பீட்லாக்கைக் கண்டுபிடித்தவர் எட்வார்ட் இல்லை. ஆனா அடிப்படை யோசனை ஒன்றுதான். சாதாரண காரில் உள்ளிருக்கும் காற்றே டயரின் விளிம்பை ரிம்மில் தள்ளிப் பிடிக்கும். காற்று கசியாமலும் அடைக்கும். மணலிலும் பாறையிலும் நல்ல பிடிப்புக்காகக் காற்றைக் குறைத்தால் அந்த அழுத்தமும் குறையும். டயர் கழன்றுகொள்ளும். அங்கேதான் வெளிவளையமும் போல்ட்டுகளும் கைகொடுக்கின்றன. விளிம்பு சரியாக உட்காராமல் இருந்தாலோ, இடையில் மண் சிக்கினாலோ காற்று கசியும். அதனால்தான் போல்ட்டுகளை ஒரே பக்கமாக முறுக்காமல், எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குகிறார்கள்.

சோகமான கடைசி ஆண்டுகள்

1931-ல் அண்ணன் ஆந்த்ரே மறைந்தார். 1932-ல் மகன் எட்டியென் விமான விபத்தில் பலியானார். 1937-ல் இன்னொரு மகன் பியேர் கார் விபத்தில் இறந்தார். வாகனப் பயணத்துக்காகவே உழைத்தவருக்குச் சாலையே ஒரு மகனைப் பறித்துக்கொண்டது. பிரான்ஸ் ஜெர்மனியிடம் வீழ்ந்த இரண்டே மாதத்தில், 1940 ஆகஸ்ட் 25-ல் எட்வார்ட் காலமானார்.

அவர் நிறுவனத்துக்கு இன்று நம்ம திருவள்ளூர் மாவட்டத்திலும் ஆலை இருக்கிறது. நடுவழியில் பஞ்சரானால் டயரைக் கழற்றி வேலையை முடித்துக்கொண்டு கிளம்புகிறோம். ஒரு ராத்திரி முழுக்கப் பசை காயக் காத்திருக்க வேண்டியதில்லை.