கதவைத் திறந்த காலணி

வரலாற்றின் பெருந்திருப்பங்கள் எல்லாம் போர்க்களங்களிலேயே தோன்றுவதில்லை. சில வேளைகளில் அவை ஒரு மனிதரின் காலடியிலும் தொடங்குவதுண்டு. புதுவை வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளையின் வாழ்வு இதற்குத் தக்க சான்றாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சிந்தியாவின் மக்கள் இருவேறு உலகங்களில் வாழ்ந்தனர். இந்தியர் தத்தம் சாதி வழக்கப்படியே நீதி பெறுவர் என 1819ஆம் ஆண்டின் ஆணை உறுதியளித்திருந்தது. திருமணம், வாரிசுரிமை, சொத்துப் பிரிவினை ஆகியவற்றில் அவ்வுறுதி அவர்களுக்குக் காப்பாக இருந்தது. அதுவே ஐரோப்பியரையும் இந்தியரையும் பிரிக்கும் மதிலாகவும் நின்றது. பாரிசு நாடாளுமன்றத்துக்கு உறுப்பினரை அனுப்பும் உரிமை 1871இல் கிட்டிய பின்னரும் அம்மதில் இடியவில்லை.

இச்சூழலில் 1873ஆம் ஆண்டு பொன்னுத்தம்பிப் பிள்ளை ஐரோப்பிய முறையில் காலுறையும் காலணியும் அணிந்து புதுவை நீதிமன்றத்துள் நுழைந்தார். ஐரோப்பிய வழக்கறிஞருக்கு இயல்பான அச்செயல் இந்தியர் ஒருவரிடம் குற்றமாகக் கருதப்பட்டது. நீதிமன்றம் அவரைத் தண்டித்தது. காலணி என்பது அந்நாளில் வெறும் தோற்பொருள் அன்று. தாழ்த்தப்பட்டோர் ஊர்த்தெருவில் செருப்பைக் கையிலேந்தி நடக்க நேர்ந்த காலம் அது. யார் முன் யார் காலணியைக் கழற்ற வேண்டும் என்பதே யார் பெரியவர் என்பதைச் சொல்லிவிடும்.

பிள்ளை அத்தண்டனைக்குப் பணிந்து அடங்கியிருக்கலாம். அவரோ பாரிசிலுள்ள உச்ச மேல்முறையீட்டு மன்றம் வரை சென்று வெற்றி பெற்றார். வெற்றியோடு அவர் நின்றுவிடவில்லை. பிரெஞ்சுச் சட்டத்தின் கடமைகளை முழுமையாக ஏற்போர்க்கு அதன் உரிமைகளும் முழுமையாகக் கிட்ட வேண்டும் என்ற கொள்கையுடன் ஓர் இயக்கத்தை நடத்தினார்.

அதன் பயனாக 1881 செப்டம்பர் 21ஆம் நாள் ஓர் ஆணை பிறந்தது. விரும்பும் இந்தியர் தம் மரபுவழித் தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்கலாம். அங்ஙனம் துறந்தவர் மீண்டும் பழைய நிலைக்குத் திரும்ப இயலாது. மனைவியும் இளம்பிள்ளைகளும் அதற்கு உட்படுவர். குடும்பப் பெயர் ஒன்றையும் சூடிக்கொள்ள வேண்டும். பிள்ளை தமக்குச் சூட்டிக்கொண்ட பெயர் லா போர்த். பிரெஞ்சு மொழியில் அதற்குக் கதவு என்பது பொருள்.

அக்கதவின் வழியே சென்றோர் ரெனோன்சான், அதாவது துறந்தோர், எனப்பட்டனர். கிறித்தவர் பலரும் ஒடுக்கப்பட்டோர் பலரும் அவர்களுள் அடங்குவர். சாதி மரபைக் காக்க விரும்பிய இந்துக்கள் சண்முக வேலாயுத முதலியார் தலைமையில் எதிர்த்து நின்றனர். ஐரோப்பியரும் புதியவர்களைத் தம் வாக்காளர் பட்டியலில் வைத்திருக்க விரும்பவில்லை. எனவே 1884இல் ஐரோப்பியர்க்கு ஒன்றும், துறந்தோர்க்கு ஒன்றும், ஏனையோர்க்கு ஒன்றுமாக வாக்காளர் பட்டியல் மூன்றாயிற்று. சமத்துவம் வேண்டிப் புறப்பட்டவர்க்குக் கிட்டியது மற்றுமொரு வேலி. 1880இல் உருவான பாகூர், வில்லியனூர் கொம்யூன்களின் உழவர் ஊர்களுக்கும் இப்பட்டியல் அரசியல் சென்று சேர்ந்தது. கரையாம்புத்தூர் முதலிய சிற்றூர்களைச் சூழ்ந்த அந்நிலப்பகுதியில் காலணியும் சாதியும் பிரிக்க முடியாதவையாயிருந்தன என்பதை எண்ணினால் அவ்வழக்கின் பொருள் மேலும் விளங்கும்.

துறந்தோர் பலர் இந்தோசீனாவில் அரசுப் பணியேற்றுச் சைகோனில் குடியேறினர். அங்கும் ஐரோப்பியர்க்கு நிகரான உரிமைக்காக அவர்கள் வழக்காட நேர்ந்தது. 1954இல் ஆட்சி கைமாறி, 1962இல் புதுவை சட்டப்படி இந்தியாவோடு இணைந்த பின்னரும், இந்தியக் குடிமக்களான துறந்தோர் மரபினர்க்குத் திருமணத்திலும் வாரிசுரிமையிலும் பிரெஞ்சுக் குடிமைச் சட்டமே தொடர்கின்றது.

பொன்னுத்தம்பிப் பிள்ளை திறந்த கதவு அனைவரையும் அழைத்துச் செல்லவில்லை. சம உரிமை பெறத் தம் மரபுச் சட்டத்தையே துறக்க வேண்டும் என்ற நிபந்தனை நீதியானதா என்னும் வினா இன்றும் எஞ்சியுள்ளது. எனினும், ஒரு காலணியைக் கழற்ற மறுத்த உறுதியே அவ்வினாவை முதன்முதலாக மன்றத்தின் நடுவே வைத்தது.