பதவி கேட்காத ஜே.பி.யும் பறிபோன 21 மாதங்களும்

1975ஆம் ஆண்டு ஜூன் 26. பொழுது இன்னும் விடியவில்லை. டில்லியில் காந்தி அமைதி நிறுவனத்தில் தங்கியிருந்த 72 வயது முதியவரைப் போலீஸார் எழுப்பிக் கைது செய்தனர். அவர் நாடாளுமன்ற உறுப்பினர் அல்லர். அமைச்சர் நாற்காலியில் வாழ்நாளில் ஒருநாளும் அமர்ந்ததில்லை. ஜெயப்பிரகாஷ் நாராயண் என்ற அந்தப் பெரியவரை இந்திய மக்கள் சுருக்கமாக ஜே.பி. என்றும், அன்போடு லோக்நாயக், அதாவது மக்கள் தலைவர் என்றும் அழைத்தார்கள்.

அந்த இரவில் ராணுவம் தெருவுக்கு வரவில்லை. நாடாளுமன்றத்தை யாரும் பூட்டவில்லை. அரசமைப்புச் சட்டத்தில் ஏற்கெனவே இருந்த 352ஆம் பிரிவின்கீழ் குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது ஒரு தாளில் கையெழுத்திட்டார், அவ்வளவுதான். அமைச்சரவைக்கே மறுநாள் காலை 6 மணிக்குத்தான் விஷயம் சொல்லப்பட்டது. எதிர்த்து நின்றவர் ஒருவரும் இல்லை. டில்லியில் பத்திரிகைகள் அச்சாகும் வீதியில் மின்சாரம் துண்டிக்கப்பட்டது.

அவசரகாலம் என்றதும் மலேசியப் பெரியவர்களுக்கு 1948 முதல் 1960 வரை நீடித்த கம்யூனிஸ்ட் காலம்தான் நினைவுக்கு வரும். ஊரடங்கு, அரிசிக் கட்டுப்பாடு, முள்வேலி. இந்தியாவின் அவசரகாலம் வேறு வகை. அரசு காட்டிய காரணம் உள்நாட்டுக் குழப்பம். அந்தக் குழப்பத்துக்கு அரசு கண்ட முகம் ஜே.பி.

1902 அக்டோபர் 11ஆம் நாள், கங்கையும் காக்ரா ஆறும் கூடும் இடத்தருகே உள்ள சிதாப்தியாரா கிராமத்தில் பிறந்தவர் அவர். காந்தியின் ஒத்துழையாமை அழைப்பைக் கேட்டுப் பாட்னாவில் கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டார். 1922இல் அமெரிக்கா போனார். தோட்டங்களில் பழம் பறித்தும், உணவகங்களில் தட்டுக் கழுவியும் படிப்புச் செலவைத் தானே சம்பாதித்தார். ஏழு ஆண்டுகளுக்குப் பின் மார்க்சியவாதியாக ஊர் திரும்பினார். அதற்குள் அவர் மனைவி பிரபாவதி காந்தியின் ஆசிரமத்தில் வளர்ந்து பிரம்மச்சரிய விரதம் ஏற்றிருந்தார். ஜே.பி. அதை மதித்து வாழ்ந்தார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

1942 தீபாவளி இரவு, காவலர்கள் கொண்டாட்டத்தில் இருந்த வேளையில், வேட்டிகளை முடிந்து கயிறாக்கி, ஹசாரிபாக் சிறைச் சுவரைத் தாண்டி ஐந்து தோழர்களுடன் தப்பினார். மறு ஆண்டு பிடிபட்டு லாகூர்க் கோட்டையில் சித்திரவதை அனுபவித்தார். சுதந்திரம் வந்தபோது நினைத்திருந்தால் மந்திரி ஆகியிருக்கலாம். அவரோ காங்கிரஸை விட்டு வெளியேறினார்; 1954இல் வினோபா பாவேயின் பூமிதான இயக்கத்துக்கு வாழ்வையே எழுதிக் கொடுத்தார். கட்சிகளே இல்லாத ஜனநாயகம் வேண்டும் என்பது அவர் கனவு. கேட்க இனிமையான கனவு. நடைமுறையில் அதுவே பின்னாளில் அவருக்குத் தடையானது.

1974இல் விலைவாசியும் ஊழலும் பீகார் மாணவர்களைத் தெருவுக்கு இழுத்தன. மாணவர்கள் ஜே.பி.யிடம் வந்தனர். ஜூன் 5ஆம் நாள் பாட்னா காந்தி மைதானத்தில் முழுப் புரட்சிக்கு அவர் அழைப்பு விடுத்தார். தேர்ந்தெடுக்கப்பட்ட பீகார் சட்டமன்றத்தைக் கலைக்கச் சொன்னார். மக்கள் வாக்களித்து அமைத்த மன்றத்தைத் தெருப் போராட்டத்தால் கலைக்க முனைந்தது சரியா என்று அன்றே கேட்டவர்கள் உண்டு. கேட்டதில் நியாயமும் உண்டு.

1975 ஜூன் 12ஆம் நாள், அரசு அலுவலரைத் தேர்தல் வேலைக்குப் பயன்படுத்தினார் என்று கூறி, பிரதமர் இந்திரா காந்தியின் வெற்றி செல்லாது என அலகாபாத் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 25ஆம் நாள் மாலை டில்லி ராம்லீலா மைதானத்தில், சட்டவிரோத ஆணைகளுக்குப் போலீஸாரும் ராணுவத்தினரும் கீழ்ப்படிய வேண்டாம் என்று ஜே.பி. பேசினார். அரசுக்கு வேண்டிய சாக்கு கிடைத்துவிட்டது.

இதில் ஒரு வேதனை உண்டு. நேருவின் மனைவி கமலாவும் பிரபாவதியும் நெருங்கிய தோழியர். இந்திராவைச் சிறுமியாகப் பார்த்தவர் ஜே.பி. அந்தச் சிறுமியின் அரசே அவரைச் சண்டிகர் மருத்துவமனையில் காவலில் வைத்தது. அங்கே அவர் சிறுநீரகங்கள் பழுதாயின. நவம்பரில் விடுதலையான பிறகு, சாகும்வரை டயாலிசிஸ் இயந்திரத்தை நம்பியே வாழ்ந்தார்.

வெளியே காரியங்கள் எல்லாம் சட்டப்படியே நடந்தன. அதுதான் அச்சமூட்டும் செய்தி. பிரதமரின் தேர்தலை நீதிமன்றம் விசாரிக்க முடியாதபடி நாடாளுமன்றம் சில நாட்களில் அரசமைப்பைத் திருத்தியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் சிறையில் இருந்தனர். காவலில் உள்ளவருக்காக ஆட்கொணர்வு மனுப் போடவும் வழியில்லை என்று 1976 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் நால்வர் தீர்ப்பளித்தனர். மறுத்து எழுதியவர் எச்.ஆர். கன்னா ஒருவரே, அவருக்கு வரவேண்டிய தலைமை நீதிபதி பதவி பிறகு வேறொருவருக்குப் போனது. தமிழ்நாட்டில் மு.கருணாநிதியின் தி.மு.க. அரசு 1976 ஜனவரி 31இல் கலைக்கப்பட்டது. மிசா சட்டத்தில் கைதான தி.மு.க.வினரில் மு.க.ஸ்டாலினும் ஒருவர்.

கையெழுத்திட்ட தலைவர், வாய் திறக்காத அமைச்சர், தணிக்கைக்குப் பணிந்த ஆசிரியர், இலக்கை எட்ட ஆள்பிடித்த அதிகாரி. இத்தனை பேர் ஒத்துழைக்காமல் 21 மாதங்கள் ஓடியிருக்காது. 1976-77இல் மட்டும் 80 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் கருத்தடை செய்யப்பட்டது. பலருக்கு அது கட்டாயத்தின் பேரில் நடந்தது.

1977 ஜனவரியில் இந்திரா எதிர்பாராத விதமாகத் தேர்தலை அறிவித்தார். நோயாளியான ஜே.பி.தான் சிதறிக் கிடந்த எதிர்க்கட்சிகளை ஜனதா என்ற ஒரே கூரையின்கீழ் சேர்த்தார். மார்ச்சில் இந்திராவும் மகன் சஞ்சயும் தத்தம் தொகுதியிலேயே தோற்றனர். தென்னிந்தியா மட்டும் காங்கிரஸ் பக்கமே நின்றது. நெருக்கடியின் கொடுமை வடக்கில் விழுந்த அளவுக்குத் தெற்கில் விழவில்லை.

ஜனதா அரசு 1978இல் 44ஆம் திருத்தம் கொண்டுவந்தது. உள்நாட்டுக் குழப்பம் என்ற சொல் நீங்கி, ஆயுதக் கிளர்ச்சி என்ற சொல் வந்தது. அமைச்சரவையின் எழுத்துபூர்வ முடிவு இல்லாமல் குடியரசுத் தலைவர் இனிக் கையெழுத்திட முடியாது. ஜே.பி.யின் போராட்டத்தால் காகிதத்தில் நிலைத்தது இதுவே.

மற்றபடி அவர் சேர்த்து வைத்தவர்கள் பதவிக்காக அடித்துக்கொண்டார்கள். கட்டுப்படுத்த அவரிடம் கட்சியும் இல்லை, பதவியும் இல்லை. 1979 மார்ச்சில் அவர் இறந்துவிட்டதாக நாடாளுமன்றத்திலேயே தவறாக அறிவித்து அஞ்சலி செலுத்தினார்கள். அவரோ பம்பாய் மருத்துவமனையில் உயிரோடு இருந்தார். ஜூலையில் ஜனதா அரசு கவிழ்ந்தது.

அக்டோபர் 8ஆம் நாள், 77ஆவது பிறந்தநாளுக்கு மூன்று நாட்கள் இருக்கையில், பாட்னாவில் ஜே.பி. காலமானார். மூன்றே மாதத்தில், 1980 ஜனவரித் தேர்தலில், அதே மக்கள் வாக்களித்து இந்திரா காந்தியைப் பெரும்பான்மையோடு பிரதமராக்கினர்.