கம்ப்யூட்டர் இல்லாமலே செஸ் புரோகிராம் எழுதியவர்! யார் இந்த ஆலன் டூரிங்? போத்தனூருடன் என்ன தொடர்பு?

திருப்பூரில் ரயில் ஏறினால் சுமார் 50 கிலோமீட்டரில் போத்தனூர். கம்ப்யூட்டர் அறிவியலின் தந்தை எனப்படும் ஆலன் டூரிங்கின் அம்மா பிறந்த ஊர் இதுதான்!

பின்னணி என்ன?

அம்மா எத்தல் சாரா ஸ்டோனி, 1881-ல் போத்தனூரில் பிறந்தவர். தாத்தா எட்வர்ட் வாலர் ஸ்டோனி, மெட்ராஸ் ரயில்வேயின் தலைமைப் பொறியாளர். அப்பா ஜூலியஸ், சென்னை மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரி. டூரிங் 1912 ஜூன் 23-ல் லண்டனில் பிறந்தார். பெற்றோருக்கு வேலை இங்கே என்பதால், பிள்ளைகள் இங்கிலாந்தில் வேறொரு குடும்பத்திடம் வளர்ந்தார்கள். இரண்டாம் உலகப் போரில், ஜெர்மனியின் எனிக்மா ரகசியக் குறியீட்டை உடைத்த குழுவில் டூரிங் முக்கியமானவர்.

பேப்பரில் ஓடிய புரோகிராம்

1948-ல் நண்பர் டேவிட் சாம்பர்னவுனுடன் சேர்ந்து 'டூரோசாம்ப்' என்ற செஸ் புரோகிராமை உருவாக்கினார். ஆனா, அதை ஓட்டும் அளவுக்கு அன்று எந்தக் கம்ப்யூட்டருக்கும் திறன் இல்லை. சிப்பாய்க்கு 1, குதிரைக்கு 3, யானைக்கு 5, ராணிக்கு 10 என மதிப்பெண். அடுத்தடுத்த நகர்வுகளைப் பார்த்து, எது லாபமோ அதை ஆடணும். அவ்ளோதான் ஐடியா!

1952-ல் அலிக் கிளென்னி என்பவருக்கு எதிராக டூரிங்கே கம்ப்யூட்டராக உட்கார்ந்து, பேப்பரில் கணக்குப் போட்டு ஆடினார். ஒரு நகர்வுக்கே அரை மணி நேரம் வரை ஆனது. 29 நகர்வுகளில் புரோகிராம் தோற்றது.

672 பைட்டில் செஸ்!

30 ஆண்டுகள் கழித்து, வெறும் 1 கே.பி. மெமரி கொண்ட இசட்.எக்ஸ்.81 கம்ப்யூட்டருக்கு டேவிட் ஹார்ன் 672 பைட்டில் செஸ் புரோகிராம் எழுதினார். நாம அனுப்பும் ஒரு குட்மார்னிங் படமே அதைவிடப் பல மடங்கு பெரிசு. இடம் போதாததால் கோட்டை கட்டுதல் போன்ற சில விதிகள் அதில் கிடையாது.

நாடு கொடுத்த பரிசு

அதே 1952-ல், ஓர் ஆணுடன் உறவில் இருந்ததற்காக டூரிங் குற்றவாளி ஆக்கப்பட்டார். சிறைக்குப் பதிலாக ஹார்மோன் ஊசி. அரசின் ரகசியப் பணிகளும் பறிபோயின. 1954 ஜூன் 7-ல் சயனைடு விஷத்தால் இறந்தார். வயது 41. தற்கொலை என்றது விசாரணை. விபத்து என்றே நம்பினார் அம்மா. 1959-ல் மகனின் வாழ்க்கை வரலாற்றை அவரே எழுதி வெளியிட்டார்.

மன்னிப்பு எப்போது?

2013-ல்தான் அரச மன்னிப்பு வந்தது. 2021-ல் 50 பவுண்ட் நோட்டில் டூரிங்கின் படம். பிரிட்டிஷார் இங்கே விட்டுச்சென்ற இதே மாதிரியான சட்டம்தான் 377-வது பிரிவு. வயது வந்தோர் சம்மதத்துடன் வைத்துக்கொள்ளும் உறவுக்கு அது பொருந்தாது என உச்ச நீதிமன்றம் சொன்னது 2018-ல்.