வட்டுக்கோட்டைச் செமினரியின் முதல் அதிபர் தானியேல் பூவர்: வாழ்வும் பணியும்

முன்னுரை

பத்தொன்பதாம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்தின் தமிழ்க் கல்வி வரலாற்றில் வட்டுக்கோட்டைச் செமினரி தனியிடம் பெற்றது. அதன் முதல் அதிபரான தானியேல் பூவரின் நோக்கம் சமயப் பரப்பல். அப்பணியின் விளைவோ தமிழ்ப் புலமை சார்ந்ததாகவும் அமைந்தது. இவ்விரண்டிற்கும் இடையிலான உறவை அவரது வாழ்க்கை வழி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இளமையும் வருகையும்

பூவர் 1789இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து டான்வர்ஸ் என்னும் ஊரில் பிறந்தார். டார்ட்மத் கல்லூரியிலும் ஆண்டோவர் இறையியற் கல்லூரியிலும் பயின்றபின், 1815இல் கப்பலேறி மறு ஆண்டு இலங்கையை அடைந்தார். தெல்லிப்பழையில் தங்கித் தமிழ் கற்று, பள்ளிகளை நிறுவினார்.

செமினரியும் பாடத்திட்டமும்

தமிழ் இளைஞர்க்கு ஒரு கல்லூரி நிறுவும் திட்டத்தை அமெரிக்க மிஷனரிமார் 1823இல் வெளியிட்டனர். கல்லூரி என்னும் தகுதியை அரசு வழங்க மறுத்தமையால், அந்நிறுவனம் பின்னர் செமினரி என்னும் பெயரிலேயே இயங்கியது. 1823 முதல் 1835 வரை பூவர் அதன் அதிபராக விளங்கினார்.

ஆங்கிலம், கணிதம், வானியல் ஆகியவற்றோடு தமிழும் வடமொழியும் பாடத்திட்டத்தில் இடம்பெற்றன. உள்ளூர் அறிவு மரபை அறியாமல் அதனோடு வாதிட இயலாது என்பதும் இதற்கு ஒரு காரணமாகும். 1829ஆம் ஆண்டுச் சந்திர கிரகணத்தைக் கொண்டு பஞ்சாங்கக் கணிப்பின் பிழையைக் காட்ட அவர் முற்பட்டமை இப்போக்கிற்குச் சான்றாகும். எனினும், வாதத்திற்காகக் கற்பிக்கப்பட்ட தமிழ் வாதத்தோடு நின்றுவிடவில்லை. 1841இல் தொடங்கிய உதயதாரகை இதழின் ஆசிரியர்களான ஹென்றி மார்ட்டின், சேத் பேய்சன் ஆகியோரும், பாவலர் சரித்திர தீபகம் இயற்றிய ஆர்னோல்டு சதாசிவம்பிள்ளையும் அங்குப் பயின்றோரே. கலித்தொகையைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை பூவருக்குப் பிற்பட்ட காலத்து மாணவர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவர். சைவத்திற்குத் திரும்பிய அவரை உருவாக்கியதிலும் அச்செமினரிக்குப் பங்குண்டு.

மதுரைப் பணியும் இறுதிக்காலமும்

1836 முதல் 1841 வரை மதுரையில் பணியாற்றிய பூவர், ஊர்ப்புறப் பள்ளிகளைப் பெருக்கினார். பின்னர் யாழ்ப்பாணம் திரும்பி, மானிப்பாயில் 1855 பிப்ரவரி 3ஆம் நாள் வாந்திபேதியால் காலமானார். அவ்வாண்டிலேயே செமினரியும் மூடப்பட்டது. அங்குப் பெற்ற ஆங்கிலக் கல்வி மாணவரை ஊழியத்திற்கன்றி அரசு அலுவலுக்கே இட்டுச்சென்றது என அமெரிக்காவிலிருந்து வந்த மிஷன் குழுவினர் கருதினர். தாய்மொழிவழிக் கல்வியையே வலியுறுத்தினர். தாய்மொழியின் பெயரால், தமிழ்ப் புலமையை வளர்த்த நிறுவனமொன்று மூடப்பட்டமை எண்ணத்தக்கது.

முடிவுரை

சமயமாற்றம் என்னும் அளவுகோலால் நோக்கின் செமினரி தன் நிறுவனர்களுக்கு நிறைவளிக்கவில்லை. பதிப்பு, இதழியல், புலவர் வரலாறு ஆகிய துறைகளால் நோக்கின், அதன் பயன் நிறுவனர் கருதியதினும் விரிந்தது. ஆகவே பூவரை மிஷனரியாக மட்டுமோ தமிழ்த் தொண்டராக மட்டுமோ மதிப்பிடுதல் முழுமையாகாது. நோக்கத்தையும் விளைவையும் வேறு பிரித்துக் காண்பதே வரலாற்றுக்குப் பொருந்துவதாகும்.