கணித ஆசாரியர் மகாவீரர்

மகாவீரர் என்றவுடன் நம் நினைவில் எழுபவர் இருபத்து நான்காம் தீர்த்தங்கரராகிய வர்த்தமானரே. அப்பெருமானின் திருப்பெயரைத் தாங்கி, கி.பி. 9ஆம் நூற்றாண்டில் கன்னட நாட்டில் வாழ்ந்த சமணப் பேரறிஞர் ஒருவரையும் நம் இளைஞர் அறிதல் வேண்டும். அவரே கணித ஆசாரியர் மகாவீரர்.

இராஷ்டிரகூட மன்னன் அமோகவர்ஷ நிருபதுங்கன் மானியகேடத்திலிருந்து ஆண்ட காலம் அது. ஏறத்தாழ 850இல் ஆசாரியர் 'கணித சார சங்கிரகம்' என்னும் வடமொழி நூலை இயற்றினார். தீர்த்தங்கரரை வணங்கி, மன்னனைப் போற்றித் தொடங்குவது அந்நூல். அக்காலத்தில் கணிதம் பெரும்பாலும் வானநூலின் ஒரு பகுதியாகவே இருந்தது. இவரோ கணிதத்துக்கெனவே தனிநூல் செய்தார். இசை, மருத்துவம், சமையல், கட்டடக்கலை என எத்துறைக்கும் கணக்கு வேண்டும் என்பது அவர் கொள்கை.

எண்களின் ஒழுங்கில் அவர் பேரின்பம் கண்டார். 139ஐ 109ஆல் பெருக்கினால் 15151 வரும். 152207ஐ 73ஆல் பெருக்கினால் எட்டு ஒன்றுகள் வரிசையாக நிற்கும். இருபுறமும் ஒத்திருக்கும் இத்தகைய எண்களைக் கழுத்தில் அணியும் மாலையாக அவர் கண்டார்.

இருபடிச் சமன்பாட்டையும் கதையாகவே கற்பித்தார். ஓர் ஒட்டகக் கூட்டத்தில் நான்கில் ஒரு பங்கு காட்டில் நின்றது. மொத்த எண்ணிக்கையின் வர்க்கமூலத்தைப் போல் இருமடங்கு மலைச்சாரலுக்குச் சென்றது. எஞ்சிய 15 ஆற்றங்கரையில் இருந்தன. மொத்தம் எத்தனை? விடை 36: காட்டில் 9, மலையில் 12, கரையில் 15. இன்றைய மாணவர் இதனை வரைபடத்தாளில் பரவளையமாக வரைந்தும் விடை காணலாம்.

குறை எண் எதன் வர்க்கமும் ஆகாது. ஆதலின் அதற்கு வர்க்கமூலம் இல்லை என்றும் அவர் தெளிவுறுத்தினார். எனினும், ஓர் எண்ணைப் பூச்சியத்தால் வகுத்தால் அது மாறாது என்று அவர் கூறியது பிழையே. வாய்மையை அணுவிரதமாகக் கொண்ட நாம் அதனை மறைத்தல் தகாது. பிழை ஒன்றால் அவர் பெருமை குன்றிவிடாது.

11ஆம் நூற்றாண்டில் பாவுலூரி மல்லனா இந்நூலைத் தெலுங்கில் தந்தார். 1912இல் பேராசிரியர் எம். ரங்காசாரியார் ஆங்கில மொழிபெயர்ப்புடன் சென்னையில் பதிப்பித்தார். பலர் கைமாறிக் காத்த செல்வம் இது.

கணக்கென்றால் அஞ்சி நடுங்கும் குழந்தைகள் பலரை என் பணிக்காலத்தில் கண்டுள்ளேன். இன்றிரவு தங்கள் பேரக்குழந்தைக்கு ஒட்டகக் கணக்கைச் சொல்லுங்கள். விடையை மட்டும் உடனே சொல்லிவிடாதீர்கள். அதுவும் சாத்திர தானமே.